சலக்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேட்டவர் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆசிரியை. வயது 34, இரண்டு பிள்ளைகள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். கணவருக்குக் கட்டாரில் வேலை, லீவு கிடைக்கும்போது வந்துபோவார். பத்து மாதத்துக்குள் இவருக்கு மூன்று தடவை சலக்கடுப்பு வந்திருக்கிறது. ஏப்ரலில் ஒன்று, ஓகஸ்டில் ஒன்று, இப்போது ஜனவரியில் ஒன்று. குளிசை எடுத்தால் போகிறது, பிறகு வருகிறது. மாமி, "உடம்புச் சூடு மனே, இளநி குடி" என்கிறார். பக்கத்து வீட்டு மச்சாள் பள்ளிக்கூடக் கக்கூஸைத்தான் காரணம் சொல்கிறார். மருந்துக்கடைப் பையன் ஒருவன், "கொஞ்சம் சுத்தமா இருங்க மிஸ்" என்று சொல்லிவிட்டான். அது மனதில் தைத்து, டெட்டோல் கலந்த தண்ணீரில் நாளுக்கு மூன்று தரம் கழுவத் தொடங்கியிருக்கிறார். "நான் துப்புரவில்லாத ஆளா அக்கா?" என்று முடித்திருந்தார்.

இல்லை தங்கச்சி. அந்த டெட்டோல் போத்தலை இன்றைக்கே தரை துடைக்கிற வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

நான் வைத்தியர் இல்லை. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் 30 வருடத்துக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். வாட்டிலும் கிளினிக்கிலும் பார்த்ததையும், படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வைத்தியரிடம் போகத்தான் வேண்டும், ஆனால் போகுமுன் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் நல்லது.

பெண்ணுக்குச் சலப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் நீளம் 4 சென்ரிமீற்றர்தான், சிலருக்கு அதுகூட வராது. ஆணுக்கு 18, 20 சென்ரிமீற்றர் இருக்கும். அதோடு எங்களுக்கு அந்தக் குழாயின் வாய், பிறப்பு வழி, மலவாசல் மூன்றும் விரற்கடைத் தூரத்துக்குள் இருக்கின்றன. சலக்கடுப்பைத் தருகிற சலப்பைத் தொற்றில் நூற்றுக்கு 75 முதல் 85 வரை ஈ.கோலை என்ற கிருமியின் வேலை. அது கக்கூஸ் சுவரிலிருந்து பாய்ந்து வருவதில்லை. உங்களுடைய, என்னுடைய, அந்த மருந்துக்கடைப் பையனுடைய குடலிலும் சும்மா குடியிருக்கிற கிருமிதான். குடலுக்குள் இருக்கும்வரை வம்பில்லை. அங்கிருந்து வெளித்தோலுக்கு வந்து, அந்தச் சின்னக் குழாயில் ஏறி, சலப்பைக்குள் தங்கிவிட்டால்தான் எரிவு. தோதான இடம் கிடைத்தால் அது 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பெண்களில் பாதிப்பேருக்காவது வாழ்நாளில் ஒருதரம் இந்த வருத்தம் வருகிறது. வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடியும் வருகிறது. இத்தனை பேரும் துப்புரவில்லாதவர்களா?

ஆகவே "கிருமி எங்கிருந்து வந்தது?" என்று தேடுவதில் பிரயோசனம் குறைவு. அது எப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை உள்ளே தள்ளுவது எது, உள்ளே போனதைக் கழுவி வெளியேற்றாமல் விடுவது எது, வாசலில் காவல் நிற்பதைக் கெடுப்பது எது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

உங்கள் திகதிகளைத் திரும்பப் பார்த்தேன். ஏப்ரலில் புதுவருடத்துக்குக் கணவர் வந்து நின்றார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியில் தைப்பொங்கலோடு சேர்த்து ஒரு மாத லீவு. மூன்றில் இரண்டு தடவை, அவர் வந்து நாலைந்து நாளுக்குள் எரிவு தொடங்கியிருக்கிறது. நீங்கள் அதைக் கவனித்துத்தான் எழுதினீர்களோ, தற்செயலாக எழுதினீர்களோ தெரியாது. ஆனால் இளம், நடுவயதுப் பெண்களில் இந்த வருத்தத்துக்கு மிக உறுதியாகத் தெரிந்த காரணம் தாம்பத்திய உறவுதான். உறவின்போது வெளியே இருக்கும் கிருமி குழாய் வாய்க்குள் தள்ளப்படுகிறது, அவ்வளவுதான். பல மாதம் பிரிந்திருந்துவிட்டு அடுத்தடுத்த நாட்களில் சேரும்போது கூடுதலாக வரும். புதிதாகக் கலியாணமான பெண்களுக்கு முதல் மாதத்தில் வருவதும் இதே கதைதான். வளைகுடாவில் கணவன் இருக்கும் பெண்களுக்கு அந்த முதல் மாதம் வருடாவருடம் திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது கணவர் "வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த" நோய் இல்லை. சலப்பையில் வளர்வது பெரும்பாலும் உங்கள் சொந்தக் குடல் கிருமி. கிளினிக்கில் இதே சந்தேகத்தில் ஒரு வருடமாக மனிசனோடு கதைக்காமல் இருந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். சலத்தில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்து விளங்கப்படுத்திய பிறகுதான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாள். உறவின் மூலம் பரவும் நோய்களும் எரிவு தரும், உண்மைதான். அதைப் பிறகு சொல்கிறேன், அது வேறு சங்கதி.

உறவுக்குப் பிறகு உடனே சலம் கழித்தால் வராது என்று எல்லோரும் சொல்வோம், நானும் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். உண்மையில் அதற்கு உறுதியான சான்று இல்லை. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அடிக்கடி தொற்று வரும் பெண்களையும் வராத பெண்களையும் ஒப்பிட்டார்கள். உறவுக்குப் பின் சலம் கழிப்பது, துடைக்கும் திசை, இறுக்கமான உள்ளாடை, இவற்றில் இரண்டு கூட்டத்துக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் செய்யுங்கள், ஒரு சதமும் செலவில்லை. செய்தும் வந்தால் "நான்தான் பிழை விட்டேன்" என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கருத்தடைக்கு நீங்கள் என்ன பாவிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கவனிக்க வேண்டியது விந்தணுவைக் கொல்லும் மருந்து பூசிய ஆணுறையும், அப்படியான ஜெல்லும். அந்த மருந்து, பிறப்பு வழியில் காவல் இருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. ஆணுறைப் பெட்டியில் அப்படி எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள், சாதாரண ஆணுறை போதும். எரிவு வந்தது என்று, கருத்தடைக்குக் கர்ப்பப்பைக்குள் வைத்த லூப்பைக் கழற்றச் சொல்லி வந்து நிற்பவர்களும் உண்டு. அதை மருத்துவிச்சியிடம் கேட்காமல் செய்யாதீர்கள். வயிற்றில் பிள்ளை வந்தால் இந்தத் தொற்றுக்கான ஆபத்து இன்னும் கூடும்.

அந்த நல்ல கிருமிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறப்பு வழியில் தயிரில் இருக்கும் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிகள் வாழ்கின்றன. அவை அந்த இடத்தை மெல்லிய புளிப்பாக வைத்திருக்கும். அந்தப் புளிப்பில் ஈ.கோலைக்குக் குடியேறக் கஷ்டம். டெட்டோல், வாசனைச் சவர்க்காரம், உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவுதல், கடையில் விற்கும் "பெண்களுக்கான" வொஷ் எல்லாம் அந்தக் காவலைக் கலைத்துவிடும். தோலும் புண்பட்டு எரியும், அந்த எரிவையே தொற்று என்று நினைத்து இன்னும் கழுவுவோம். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் நாளுக்கு ஒரு தரம், இரண்டு தரம் கழுவினால் போதும். உள்ளே ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. டெட்டோல் போத்தலை ஏன் தள்ளச் சொன்னேன் என்று இப்போது விளங்கும்.

சரி, ஓகஸ்டுக்கு வருவோம். அப்போது கணவர் இங்கே இல்லை. நீங்கள் எழுதிய நாள் கணக்கு இது: காலை ஆறு மணிக்கு ஒரு பிளேன்ரீ. குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி மண்டூர்ப் பக்கம் இறங்கி, பிறகு பஸ். பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகளுக்கு ஒரே ஒரு கக்கூஸ், பாதி நாள் தண்ணீர் இல்லை, கொண்டியும் சரியில்லை. அதனால் ஒன்றும் குடிப்பதில்லை. இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்துதான் சோற்றோடு தண்ணீர். எட்டரை மணித்தியாலம்! அதுவும் கச்சான் காற்று அடிக்கும் மாதம். வியர்வையில் போகிற தண்ணீருக்கே கணக்கு முட்டாது, சலப்பைக்கு என்ன மிஞ்சும்?

மச்சாள் சொன்னது பாதி சரி. பள்ளிக்கூடக் கக்கூஸ்தான் காரணம், ஆனால் அதில் போனதால் இல்லை, அதற்குப் பயந்து குடிக்காமல் விட்டதால். கக்கூஸ் இருக்கையிலிருந்து சலப்பைக்குத் தொற்று ஏறுவது போலப் பேசுவார்கள், அந்த வழியில் வருவதற்கு இடமே இல்லை என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஆசிரியைகளிடம் கேட்டு 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. வேலை நேரத்தில் போக வேண்டிவருமே என்று குடிப்பதைக் குறைத்தவர்களுக்கு, வேண்டிய அளவு குடித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் சற்று மேலாகத் தொற்று வந்திருந்தது. அடக்கி வைத்ததற்கும் தொற்றுக்கும் அந்த ஆய்வில் தொடர்பு தெரியவில்லை, குடிக்காததற்குத்தான் தெரிந்தது. படுவான்கரை ஆசிரியைகளிடம் போய்க் கேட்டது போல இருக்கும் அதைப் படித்தால். அடக்குவதும் நல்ல பழக்கமில்லை, ஆனால் சலம் அடர்த்தியாகித் தேங்கி நிற்பதுதான் கிருமிக்கு விருந்து.

2018இல் இன்னொரு ஆய்வு வந்தது. அடிக்கடி சலப்பைத் தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள், எல்லோரும் மாதவிடாய் நிற்காதவர்கள். பாதிப்பேரை வழக்கத்தைவிட நாளுக்கு ஒன்றரை லீற்றர் கூடக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் கூடக் குடித்தவர்களுக்குச் சராசரி 1.7 தடவை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. போத்தல் தண்ணீர் விற்கிற கம்பனியின் காசில் செய்த ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் முறையாகச் செய்த ஆய்வு, குடிக்க வேண்டியதும் போத்தல் தண்ணீர் இல்லை, உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினால் போதும். இதய வருத்தமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

ஆக, மாமியும் பாதி சரி. "சூடு" என்று எங்கள் ஆட்கள் சொல்வது உடம்பில் தண்ணீர் வற்றுவதைத்தான். வெயில் மாதங்களில் இந்த வருத்தம் கூடுகிறது என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். இளநீர், பார்லித் தண்ணீர், கொத்தமல்லி அவித்த தண்ணீர், சிறுபீளை அவித்தது, எல்லாம் வயிற்றுக்குள் போகிற தண்ணீர் என்ற அளவில் நல்லதே. தொற்று வந்த பிறகு மருந்துக்குப் பதிலாக அவற்றை நம்பிக் காய்ச்சல் வரும்வரை காத்திருப்பதுதான் பிழை.

இதே கதை வேறு இடங்களிலும் நடக்கிறது. மருதமுனையில் தறியில் குந்தியிருக்கும் பெண்கள், காமென்ட்ஸில் பாத்ரூம் போக டோக்கன் கேட்க வேண்டிய பிள்ளைகள், வட்டைக்குள் வேலைக்குப் போய் மறைவிடம் இல்லாமல் பொழுது சாயும்வரை அடக்குகிறவர்கள். உகந்தையிலிருந்து காட்டுப்பாதையால் கதிர்காமத்துக்கு நடந்துபோய் வந்த கிழமையில் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிற அம்மாமார் சிலருக்கும் இதே எரிவுதான். குமணக் காட்டுக்குள் தண்ணீரைத் தோளில் சுமக்க வேண்டும், அதனால் வாயை நனைத்து நனைத்து நடப்பார்கள். நோன்பு பிடிக்கிற சகோதரிகளுக்கும் கந்தசஷ்டி பிடிக்கிறவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். அடிக்கடி இந்த வருத்தம் வருகிற ஆள் என்றால், நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருங்கள். சஷ்டி என்றால் தண்ணீரையும் விடுகிற விரதம் வேண்டாம், பாலும் பழமுமாகப் பிடியுங்கள், முருகன் கோபிக்க மாட்டார்.

உங்கள் பள்ளிக்கூடத்துக்கு நான் சொல்லக்கூடியது: ஒரு லீற்றர் போத்தல் ஒன்றைக் கொண்டுபோய் இடைவேளைக்குள் பாதியையும் மணி அடிக்குமுன் மீதியையும் முடியுங்கள். கக்கூஸுக்கு ஒரு கொண்டியும் ஒரு பிளாஸ்ரிக் பீப்பாவும் வைக்க அபிவிருத்திச் சங்கத்திடம் கேளுங்கள். வெட்கப்பட்டு எவரும் கேட்பதில்லை, அதனால் எவரும் செய்வதுமில்லை.

மாதவிடாய்த் துணி பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் செய்து 2015இல் வெளியான ஆய்வில், துணியைத் திரும்பத் திரும்பப் பாவிக்கிறவர்களுக்கு அந்தப் பகுதித் தொற்றுகள் கூடுதலாக இருந்தன. அதற்குத் துணி மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. எவருக்கும் தெரியாமல் அறைக்குள் கட்டிலுக்குக் கீழே காயப்போடுகிறோமே, அதையும் பார்க்க வேண்டும். துணிதான் வசதி என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள், மேலே ஒரு மெல்லிய சீலையைப் போட்டு மூடினால் யாருக்கும் தெரியாது. பேட் என்றால் நாலு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றினால் சரி.

உங்கள் அம்மாவுக்கும் அடிக்கடி வருமா என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்புக் கூட. பதினைந்து வயதுக்குள் முதல் தடவை வந்தவர்களுக்கும் பிறகு அடிக்கடி வர வாய்ப்புக் கூட. சிலருடைய சலப்பைச் சுவரில் கிருமி இலகுவாக ஒட்டிக்கொள்ளும் தன்மை பிறப்பிலேயே இருக்கிறது. இதை மாற்ற முடியாது, ஆனால் வைத்தியரிடம் சொன்னால் அவர் உங்களைப் பார்க்கும் விதம் மாறும்.

இனி, உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சில.

பிள்ளைத்தாச்சிகள். கர்ப்பத்தில் சுரக்கும் ஓமோன் சிறுநீரகத்திலிருந்து சலப்பைக்கு இறங்கும் குழாய்களைத் தளர்த்திவிடும், வளர்கிற கர்ப்பப்பை அவற்றை அமுக்கும். சலம் தேங்கும், கிருமி மேலே ஏறும். நூறில் 2 முதல் 10 பேருக்கு, எரிவே இல்லாமல் சலத்தில் கிருமி இருக்கும். மற்றவர்களுக்கு அப்படி இருந்தால் பெரும்பாலும் மருந்து தேவையில்லை, கர்ப்பிணிக்குத் தேவை. விட்டால் அது சிறுநீரகத்துக்கு ஏறிக் காய்ச்சலும் நடுக்கமும் வரலாம், பிள்ளை மாதம் முந்திப் பிறக்கலாம். கிளினிக்கில் மிஸ்ஸி சலம் கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லையே" என்று சொல்லாமல் கொடுங்கள்.

சீனி வருத்தம். இதுதான் எங்கள் பக்கத்தில் அதிகம் கண்ணில் படாமல் போவது. சீனி கூடினால் நோய் எதிர்ப்பு தளர்கிறது. பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் சலப்பையின் நரம்பும் மரத்து, முழுதாகக் காலியாகாமல் கொஞ்சம் மிச்சம் நிற்கும். நாற்பது வயதில் திரும்பத் திரும்ப எரிவு என்று வந்து, சீனி சோதித்துப் பார்த்தால் 280 இருந்த பெண்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்குச் சலக்கடுப்புத்தான் முதல் அறிகுறி. உங்களுக்கு 34 என்றாலும் வெறுவயிற்றில் இரத்தச் சீனி பார்க்கும் எஃப்.பி.எஸ். சோதனை ஒன்று செய்துவிடுங்கள். சீனிக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற குளிசை எடுப்பவர்களுக்குச் சலத்தோடு சீனி வெளியேறும். அதனால் அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று வந்து கடியும் எரிவும் இருக்கும். அதைச் சலக்கடுப்பு என்று நினைத்து அன்டிபயோட்டிக் போட்டால் பூஞ்சை இன்னும் கூடும். குளிசையை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மாதவிடாய் நின்றவர்கள். உங்கள் மாமிக்கும் இது பொருந்தலாம், கேட்டால் சொல்ல மாட்டார், நீங்கள்தான் நாசூக்காகக் கேட்க வேண்டும். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஓமோன் குறைந்ததும் பிறப்பு வழித் தோல் மெலிகிறது, நான் சொன்ன அந்தக் காவல் கிருமிகள் குறைகின்றன, புளிப்பும் போகிறது. அதனால் ஐம்பத்தைந்து, அறுபது வயதில் புதிதாகத் தொடங்கி விடாமல் வரும். இதற்கு உள்ளே பூசுகிற ஈஸ்ட்ரஜன் கிறீம் இருக்கிறது. 1993இல் வெளியான ஓர் ஆய்வில், கிறீம் பூசிய பெண்களுக்கு வருடத்துக்குச் சராசரி 0.5 தடவையும், மருந்தில்லாத வெறும் கிறீம் பூசியவர்களுக்கு 5.9 தடவையும் தொற்று வந்தது. இவ்வளவு வித்தியாசம் தரும் ஒரு மருந்தைப் பற்றி எங்கள் அம்மாமாரில் எத்தனை பேருக்குத் தெரியும்? "இந்த வயசில இதெல்லாம் சொல்ல வெட்கமா இரிக்கி" என்று எத்தனை பேர் என்னிடம் வாயைப் பொத்திக்கொண்டு சொல்லியிருப்பார்கள். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அதோடு சேர்ந்தது அடி இறக்கம். ஐந்தாறு பிள்ளை பெற்று, நெல் மூடை தூக்கி, குடம் சுமந்த உடம்பு. கர்ப்பப்பையோ சலப்பையோ கீழே இறங்கினால் சலம் முழுதாகப் போகாது, மிச்சம் நிற்கும், தொற்று வரும். சிலர் இருபது வருடம் அதைக் கையால் உள்ளே தள்ளிக்கொண்டே வேலை செய்திருக்கிறார்கள். வளையம் வைக்கலாம், ஒப்பரேசன் செய்யலாம், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைகளில் 35 வயது தாண்டியவர்களுக்கு நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பை வாய் எல்லாம் பார்க்கிறார்கள். அங்கே இதைச் சொன்னால் சரியான இடத்துக்கு எழுதி அனுப்புவார்கள். உங்கள் பகுதி மருத்துவிச்சிக்கு நாள் தெரியும்.

சிறுநீரகக் கல், சலம் எடுக்கக் குழாய் (கதீற்றர்) போட்டிருப்பது, பிறப்பிலேயே குழாய் அமைப்பில் கோளாறு, இவையும் காரணங்கள்தான். இவற்றை வைத்தியர் தேடுவார், நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னொரு காரணத்தை நாங்களே காசு கொடுத்து வாங்குகிறோம், அதுதான் அன்டிபயோட்டிக். தடிமனுக்கும் தொண்டை நோவுக்கும் வைத்தியரின் துண்டில்லாமல் நாலு கப்சூல் வாங்கிப் போட்டால், அது பிறப்பு வழியில் நிற்கும் நல்ல கிருமிகளையும் அள்ளிக்கொண்டு போகும். சில கிழமைக்குள் சலக்கடுப்பு வரலாம். சலக்கடுப்புக்கும் மருந்துக்கடையில் மூன்று நாள் குளிசை வாங்கி, எரிவு நின்றதும் மீதியை அலுமாரியில் வைத்து, அடுத்த முறை அதையே போடுவோம். இப்போது சாதாரண அன்டிபயோட்டிக்குகளுக்குச் சாகாத ஈ.கோலை கூடிக்கொண்டே வருகிறது. ஒருவருக்குக் கேட்ட மருந்து மற்றவருக்குக் கேட்காது, உங்களுக்கே போன தடவை கேட்டது இந்த முறை கேட்காமல் போகலாம்.

எல்லா எரிவும் சலக்கடுப்பு இல்லை. வெள்ளை கூடுதலாகப் பட்டு மணம் அடிப்பது, கடி, கட்டி தயிர் போல வருவது, சிறு கொப்புளம், உறவின்போது நோவு, அடிவயிற்றில் ஆழ்ந்த வலி, இவை இருந்தால் அது பூஞ்சையாகவோ உறவின் மூலம் பரவும் தொற்றாகவோ இருக்கலாம். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் தனிக் கிளினிக் இருக்கிறது, பெயர் வெளியே போகாது. சலக்கடுப்பு என்றால் அடிக்கடி போக வரும், போனால் இரண்டு சொட்டு, முடிவில் கடுக்கும், அடக்க முடியாமல் வரும், சிலநேரம் இரத்தமும் கலக்கும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்புக்கு மேலே முதுகுப் பக்கத்தில் நோவு, சத்தி, இவை சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகள், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, எது கிட்டவோ அங்கே. கர்ப்பிணி என்றால் இரவு என்றும் பார்க்க வேண்டாம். வயற்காலத்தில் காய்ச்சலும் சலம் குறைவதும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் அது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், வட்டைத் தண்ணீரில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

"மூன்று தரம் வந்தால் கிட்னி போய்விடுமா?" என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தெஹியத்தகண்டிப் பக்கத்துச் சிறுநீரக நோயைப் பற்றிக் கேள்விப்பட்ட பயம் அது. அது வேறு நோய், ஆண் பெண் இரண்டு பேருக்கும், பெரும்பாலும் விவசாயம் செய்கிறவர்களுக்கு, எரிவு கடுப்பு எதுவும் இல்லாமல் மெல்ல மெல்ல வருவது. சலப்பையோடு நிற்கும் தொற்று, சரியாக மருந்தெடுத்தால் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை.

இனி உங்கள் அடுத்த வேலை. ஆறு மாதத்தில் இரண்டு தடவை, அல்லது வருடத்தில் மூன்று தடவை வந்தால் வைத்தியர்கள் அதை "திரும்பத் திரும்ப வரும் தொற்று" என்ற கணக்கில் வைப்பார்கள். நீங்கள் அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டீர்கள். இனி மருந்துக்கடை வேண்டாம். ஒரு தாளில் மூன்று திகதியையும், கணவர் வந்து நின்ற நாட்களையும், எடுத்த குளிசைகளின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். உறவோடு சேர்ந்து வருகிறது என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் தாளை நீட்டுங்கள். ஏனென்றால் அப்படி வருகிறவர்களுக்கென்றே உறவுக்குப் பிறகு மட்டும் ஒரு சிறு அளவு மருந்து எடுக்கும் முறை இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது தோன்றப் போவதில்லை. கிரான்பெரி என்ற வெளிநாட்டுப் பழத்தின் சாறு, குளிசை பற்றிக் கேட்பீர்கள். அடிக்கடி வருகிறவர்களுக்குத் தடுப்பதில் கொஞ்சம் உதவுகிறது, வந்ததைக் குணப்படுத்தாது, விலையும் அதிகம். எனக்கென்றால் அந்தக் காசுக்குத் தண்ணீர்ப் போத்தலும் கக்கூஸ் கொண்டியும் முதலில் வரும்.

அடுத்த தடவை எரிவு தொடங்கினால், முதல் குளிசை வாயில் போடுமுன் யு.எஃப்.ஆர். என்ற சாதாரண சலச் சோதனைக்கும் கல்ச்சருக்கும் சலம் கொடுங்கள். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் வைத்தியர் மருந்து தொடங்கிவிடுவார், முடிவு வந்ததும் தேவையென்றால் மாற்றுவார். ஆஸ்பத்திரியில் தரும் மூடியுள்ள போத்தலில்தான் எடுக்க வேண்டும், ஜாம் போத்தல் கழுவிக் கொண்டுவர வேண்டாம். வெறும் தண்ணீரால் கழுவிவிட்டு, இதழ்களை விலக்கிப் பிடித்து, முதலில் வருவதைக் கீழே விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. எடுத்த சலம் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும், பிந்தினால் போத்தலுக்குள்ளேயே கிருமி பெருகி முடிவு பிழைத்துவிடும். அதனால் பள்ளிக்கூடத்தில் எடுத்து, பாதைக்குக் காத்து நின்று, மத்தியானம் கொண்டுவந்து கொடுக்கும் வேலை வேண்டாம். அன்றைக்கு ஒரு அரைநாள் லீவு போட்டுவிட்டு, விடிய வீட்டில் எடுத்து நேரே களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.